முன்கால் யாருக்கு?

கழுதைக்கு நான்கு கால் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. பாடப்புத்தகங்களிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. அவற்றை எழுதியவர்கள் மேடை ஏறியதில்லை என்பதைத் தவிர அவர்கள்மேல் வேறு குற்றம் சொல்ல முடியாது. மேடைக் கழுதைக்கு முன்கால் இரண்டு, பின்கால் இரண்டு. அவசரப்பட்டு நான்கு என்று கூட்டிவிடக் கூடாது. முன்னிரண்டும் பின்னிரண்டும் வெவ்வேறு ஆட்களுடையவை. அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அவர்கள் கணவன் மனைவியாக அமைந்துவிட்டால், முன்கால் யாருக்கு என்ற வழக்கு கழுதையோடு முடிவதில்லை.

இந்தக் கதையில் அவர்கள் கணவன் மனைவிதான்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரில் பாதிப் பேர் உலகத்தைப் பார்ப்பது அவர் தேய்த்துக் கொடுத்த கண்ணாடி வழியாக. ஆகவே பார்வை சம்பந்தமான எந்த விஷயத்திலும் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் கட்சி. மனைவி திரைச்சீலையும் சோபா உறையும் தைப்பவள். அதாவது, காட்டுவது அவர் தொழில். மறைப்பது அவள் தொழில். கல்யாணங்களில் இப்படியும் சில பொருத்தங்கள் அமைந்துவிடுகின்றன.

அவர்கள் தெருவின் கோடியில் ஒரு நூலகம். அதன் மாடியில் ஒரு கூடம். முன்பு பழைய செய்தித்தாள்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்த இடம்; இன்றைக்கும் மழை பெய்தால் அந்த வாசனை வரும். அங்கேதான் அக்கம்பக்கத்தார் சேர்ந்து நாடகம் போடுவார்கள். குழந்தைகள் புத்தகங்களை மட்டுமே போடுவது என்று ஒரு பிடிவாதம். அதற்கொரு முறையும் உண்டு. கதையை நாடகமாக எழுதிக்கொள்வதெல்லாம் கிடையாது. நூலகர் அம்மா மேடை ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, புத்தகத்தை விரித்து உரக்கப் படிப்பார். விரித்த பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அது மேடையில் நடந்தாக வேண்டும். முன்வரிசைக் குழந்தைகள் அதே புத்தகத்தை மடியில் வைத்திருப்பார்கள். ஓர் அடி பிசகினாலும், "அப்படி இல்ல!" என்று கூடமே அதிரும். புத்தகத்தில் ஆளும் மாடும் வண்டியும் இடமிருந்து வலமாகப் போவதால், மேடையிலும் எல்லாரும் இடமிருந்து வலமாகத்தான் போக வேண்டும். யாராவது மறந்துபோய் எதிர்ப்பக்கம் திரும்பினால், "சார், பக்கத்தைப் பின்னாடி திருப்பறீங்க" என்பார் நூலகர்.

இந்த வருஷம் 'படுத்துக்கொண்ட கழுதை' என்று நூலகர் அறிவித்தபோது, கண்ணாடிக்காரருக்கு நெஞ்சுக்குள் யாரோ பழைய பெட்டியைத் திறந்தது போல இருந்தது.

அது மகளின் புத்தகம். மகள் பல் விழும் வயதில் இருந்தபோது, அதைப் படிக்காமல் அந்த வீட்டில் யாரும் தூங்கியதில்லை. கதை சின்னது. ஒரு கழுதை சாலையில் போகிறது. எதிரே வருகிறவர்கள் எல்லாம், "இது ஒண்ணுதானே" என்று ஆளுக்கொரு மூட்டை ஏற்றுகிறார்கள். கடைசியில் ஒரு வியாபாரி ஒரே ஒரு தலையணையை வைக்கிறான். கழுதை படுத்துக்கொள்கிறது. யார் இழுத்தும் எழவில்லை. பிறகு அதுவாக எழுந்து, ஒரே உதையில் மூட்டைகளை மேகத்துக்கு அனுப்பிவிட்டு மலைப்பக்கம் போய்விடுகிறது. கழுதை படுத்திருக்கும் பக்கம் மட்டும் மகளின் கை பட்டுப் பட்டுக் கிழிந்துபோனது. பசை போட்டால் நிற்கவில்லை. மனைவிதான் சோபா உறைக்கான நூலால் அதைத் தைத்துக் கொடுத்தாள். அப்புறம் அந்தப் பக்கம் அசையவில்லை.

அந்தக் காலத்திலேயே ஒரு தடவை இதை மேடையில் போட்டிருக்கிறார்கள். முன்கால் கண்ணாடிக்காரர். பின்கால் மனைவி. மகள் முன்வரிசையில். கழுதை படுத்ததும் அவள் நாற்காலிமேல் ஏறி நின்று, "எழுந்திரு கழுதே! நான் இருக்கேன்!" என்று கத்தினாள். கழுதையின் வாய்க்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், மூட்டை எல்லாம் இறங்கிவிட்ட மாதிரி எழுந்தார்.

அதை அவர் சொல்லாத ஆள் இல்லை. கடைக்குக் கண்ணாடி போட வந்தவர்களுக்கும் சொன்னார். "கடைசி வரியைப் படிங்க... தெரியலையா? பரவாயில்ல. எங்க பொண்ணு ஒரு நாள் நாற்காலி மேல ஏறி நின்னா பாருங்க. அவ முகத்தைப் பாக்கணுமே!" வந்தவர்கள் கலங்கலாகத் தெரிந்த எழுத்துகளைப் பார்த்தபடி தலையாட்டினார்கள்.

மனைவி அந்த முகத்தைப் பார்க்கவில்லை. கழுதையின் பின்பாதியில் குனிந்து நின்றவளுக்கு மகளின் குரல்தான் கேட்டது. ஒரே ஒரு தடவை, விருந்தாளி யாரோ, "உங்களுக்கு எப்படிங்க இருந்தது?" என்று கேட்டதற்கு, "எனக்கு இவரோட பெல்ட்டுதான் தெரிஞ்சது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மகள் இப்போது தூர ஊரில் இருக்கிறாள். பாலங்கள் பலமாக இருக்கின்றனவா என்று சோதித்துச் சொல்லும் வேலை. பாலத்துக்குப் பாலம் போகிறவளுக்கு வீட்டுக்கு வர நேரம் கிடைப்பதில்லை. நாடகச் செய்தியைப் போனில் சொன்னதும், "கழுதையா? நிஜமாவாப்பா? நான் வர்றேன். முன்வரிசையில எனக்கு இடம் போட்டு வைங்க" என்றாள். குரல் கொஞ்ச நேரம் பல் விழுந்த குரலாக இருந்தது.

போனை வைத்த கணமே கண்ணாடிக்காரர் தீர்மானம் செய்துவிட்டார். முன்கால் தனக்குத்தான். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்த்தாக வேண்டும். மனைவி விடமாட்டாள், சண்டை வரும் என்று தெரியும். கடையில் உட்கார்ந்து வாதங்களைத் தயார் செய்துகொண்டு, சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"இந்தா பாரு, ஒரு விஷயம் பேசணும்."

"பேசுங்க. வெங்காயம் நறுக்கிட்டே கேக்கறேன்."

"கழுதை விஷயம்."

"எந்தக் கழுதை?"

"நம்ம கழுதைதான். முன்னாடி நான்தான் இருக்கணும். அதுக்குக் காரணம் இருக்கு. முதல் காரணம், உயரம். முன்னாடி உயரம் பின்னாடி குட்டை, அதுதான் இயற்கை. ரெண்டாவது..."

"சரிங்க."

"ரெண்டாவது, பார்வை. நான் தொழில்முறையில... என்ன சொன்னே?"

"சரின்னேன். நீங்களே முன்னாடி இருங்க."

"மூணாவது காரணம் இன்னும் சொல்லவே இல்லையே?"

"சொல்லணும்னா சொல்லுங்க. கேட்டுக்கறேன்."

மூன்றாவது காரணம்தான் இருப்பதிலேயே நல்ல காரணம். அதைச் சொல்ல வழியில்லாமல் போனதில் அவருக்கு வருத்தம். ஆனால் வருத்தத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் 'சரிங்க' என்று சொன்ன சந்தர்ப்பங்களை அவர் மறக்கவில்லை. வாசல் கதவுக்குப் பச்சை வேண்டாம் என்று அவர் சொன்னார்; "சரிங்க" என்றாள்; கதவு இன்றைக்கும் பச்சை. மச்சான் நம் வீட்டில் தங்க முடியாது என்றார், "சரிங்க" என்றாள், மச்சான் தங்கினான், போகும்போது அவருடைய குடையையும் கொண்டுபோனான். அவள் சண்டை போட்டால் ஏதாவது மிஞ்சும். 'சரிங்க' என்றுவிட்டால் தோல்வி முடிவாகிவிட்டது. எந்த வழியாக வரும் என்பதுதான் தெரியாது.

மறுநாள் மருந்துக்கடைக்காரரிடம் போய் மனசைக் கொட்டினார். பக்கத்துக் கடை. நாடகத்தில் தலையணை வைக்கும் வியாபாரி அவர்தான்.

"சரின்னுட்டாங்களா? சண்டையே போடலையா?"

"போடலை."

"சார், உங்களுக்கு ஜுரம் எதுவும் இல்லையே?"

"எனக்கு எதுக்கு ஜுரம்?"

"இல்ல, காதுல சரியாத்தான் விழுந்துதான்னு கேட்டேன். சரி, வெங்காயம் நறுக்கிட்டு இருந்தாங்கன்னீங்களே. கண்ணுல தண்ணி வந்துதா?"

"வரலை."

"அப்ப ஏமாத்தம் எதுவும் இல்ல. சந்தோஷமாத்தான் சொல்லியிருக்காங்க. பின்னாடி ஏதோ இருக்கு சார்."

"பின்னாடி என்ன இருக்கும்? வால் இருக்கும்."

"வாலுக்காக யாராவது சரிம்பாங்களா? போய்ப் பாருங்க."

அவர் பார்க்கத் தொடங்கினார். பழைய கழுதையைப் பூச்சி அரித்துவிட்டதால் மனைவி புதுக் கழுதை தைத்துக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் வீட்டு சோபாவுக்கு உறை போட்டதில் மிஞ்சிய சாம்பல் துணி. அவர் திடீரென்று தையல் அறைக்குள் நுழைந்தபோது, அவள் கையிலிருந்ததைச் சட்டென்று மடியில் கவிழ்த்தாள்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு வலைத்துணி?"

"கொசுவுக்கு."

"கழுதைக்குள்ள எங்கேர்ந்து கொசு வரும்?"

"வரக்கூடாதுன்னுதாங்க வலை."

இதற்குப் பதில் சொல்ல அவருக்கு ஒரு நாள் தேவைப்பட்டது. அதற்குள் அவள் ஒரு வீட்டுக்குத் திரைச்சீலை மாட்டக் கிளம்பிப் போய்விட்டாள். கண்ணாடிக்காரர் கடையை மதியத்தோடு சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார்.

தையல் அறையின் குறுக்கே கொடி கட்டி, அதில் கழுதை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து பின்பாதிக்குள் நுழைந்தார். இருட்டு. சோபா வாசனை. பல் டாக்டரின் ஞாபகம் வந்து பல் கூசியது. கழுத்தை லேசாகத் திருப்பினார். திருப்பியவர் அப்படியே நின்றார்.

விலாப் பக்கத்தில் ஒரு ஜன்னல்! உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் வலை. வெளியிலிருந்து பார்த்தால் துணியோடு துணி. உள்ளிருந்து பார்த்தால் அறை முழுக்கப் பளிச்சென்று தெரிந்தது. தையல் மிஷின், இஸ்திரிப் பெட்டி, நூல்கண்டுகள். சுவரில் மகளின் படம். முன்பல் இல்லாமல், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, ஒரு கையில் அந்தத் தைத்த புத்தகம். அந்தப் படத்தை அவர் தினமும் கடந்துபோகிறவர்தான். ஆனால் ஒரு கழுதையின் விலாவிலிருந்து பார்க்கும்போது அது வேறு மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் வந்த காரியத்தை மறந்துவிட்டார். இந்தச் சிரிப்பு எந்த மாதத்தில் நின்று, பெரியவர்கள் சிரிக்கிற மாதிரி ஆனது? யாருக்கும் சொல்லாமலே மாறியிருக்கிறது.

பிறகுதான் உறைத்தது. "அடிப்பாவி!" என்றார் கழுதைக்குள்ளிருந்து.

எல்லாம் தெளிவாகிவிட்டது. முன்னால் நிற்பவனுக்கு என்ன உண்டு? கழுத்தில் தலையின் பாரம். வலக்கையில் காதுக்கான கயிறு, இடக்கையில் வாய்க்கான கயிறு. பார்ப்பதற்கு வாய்ப் பிளவு ஒன்று, அதுவும் வாயைத் திறந்தால்தான். பின்னால் நிற்பவளுக்கோ வேலையே இல்லை. சாய்ந்துகொண்டு, ரயிலில் ஜன்னலோர இடம் பிடித்தவள் மாதிரி, நாடகம் முழுக்க மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு வரலாம். அதனால்தான் 'சரிங்க'. உழைப்பு அவருக்கு, காட்சி அவளுக்கு!

'முன்னாடி வேணும்னு கேட்டிருந்தா அவளுக்கு முன்னாடி வேணும்னு அர்த்தம். கேக்கலை. ஆகவே பின்னாடிதான் வேணும்' என்று கணக்குப் போட்டார். பிசகே இல்லாத கணக்கு. இனி பின்காலைப் பறிக்க வேண்டும். பறித்தது அவளுக்குத் தெரியவும் கூடாது.

ஒத்திகையில் கழுதைத் தோல் கிடையாது, போர்வைதான். "தோலை அன்னிக்குத்தான் கொண்டு வருவேன். முன்னாடியே கொண்டு வந்தா பிள்ளைங்க காதைப் பிச்சுடும்" என்று மனைவி சொல்லியிருந்தாள். அந்த ஒத்திகைக்குக் கண்ணாடிக்காரர் கழுத்தைக் கையால் தாங்கியபடி வந்தார்.

"என்ன சார், கழுத்துக்கு என்ன?" என்றார் நூலகர்.

"ஒண்ணுமில்ல மேடம். லேசான வலி. தலையைத் தூக்கினாத்தான் தெரியுது. கழுதைத் தலை வேற பாரம். ஆனா பரவாயில்ல, உயிரே போனாலும்..."

"உயிர் போற வரைக்கும் வேணாம் சார். முன்வரிசையில குழந்தைங்க இருக்காங்க."

"கழுத்து வலியா? இந்தாங்க, நம்ம கடைத் தைலம்" என்று மருந்துக்கடைக்காரர் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து, மறுக்க விடாமல் தேய்த்தார். பொய் வலிக்குப் போட்ட தைலம் நிஜமாக எரிந்தது. கண்ணாடிக்காரர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது நல்லதாகப் போயிற்று.

"பாவம், அழறாரு" என்றார் நூலகர். "ரெண்டு பேரும் மாத்திக்குங்களேன். அம்மா முன்னாடி வரட்டும்."

"ஐயோ, நான் மாட்டேன்" என்றாள் மனைவி. "பின்னாடி என் இடம். எத்தனையோ வருஷமா பழகின இடம். அதை விட்டுட்டு..."

"பாத்தீங்களா, விட மனசு வரலை அவளுக்கு" என்றார் கண்ணாடிக்காரர், உள்ளுக்குள் குதித்துக்கொண்டு. "ஆனா என் கழுத்தையும் யோசிக்கணுமே."

"காது ஆட்ட எனக்கு வராதுங்க."

"நான் சொல்லித் தர்றேன்."

"வாயும் அசைக்கணுமே?"

"அது உனக்குச் சொல்லியா தரணும்?"

கூடம் சிரித்தது. மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாரும் சேர்ந்து சொல்றீங்க. வேற என்ன செய்ய?" என்றாள், நெடுநாள் குடியிருந்த வீட்டைக் காலி செய்கிறவள் குரலில். அன்று வீடு திரும்பும்போது அவருக்கு அவள்மேல் இரக்கமே வந்துவிட்டது. வழியில் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அவள் நிதானமாகச் சாப்பிட்டாள்.

நாடகத்தன்று பிற்பகல் கூடம் நிரம்பிவிட்டது. மகள் மதிய ரயிலில் வந்து இறங்கி, நேரே போய் முன்வரிசையில் குழந்தைகளுக்கு நடுவே இடம் பிடித்துவிட்டாள். முழங்கால் மோவாயைத் தொட்டது. மடியில் நூல் தையல் போட்ட அந்தப் பழைய புத்தகம்.

மேடைக்குப் பின்னால் கழுதைத் தோல் வந்து சேர்ந்தது. முன்பாதியை மனைவி மாட்டிக்கொண்டாள். கால், இடுப்பு, தோள், எல்லாம் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. கண்ணாடிக்காரர் பின்பாதிக்குள் காலை விட்டார். அதுவும் அளவெடுத்த மாதிரியே இருந்தது. அவள் கால் நீளத்துக்குத் தைத்தது என்றால் அவருக்கு முழங்காலோடு நின்றிருக்க வேண்டும். சரியாகக் கணுக்காலில் நின்றது. என்ன அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு, குனிந்து, அவள் இடுப்பைப் பிடித்தார்.

"கழுத்து எப்படி இருக்கு?" என்றாள் அவள்.

"பரவாயில்ல. நீ தைரியமா போ. நான் பின்னாடி இருக்கேன்."

"ஆமாங்க" என்றாள். "இருக்கீங்க."

நூலகரின் குரல் கேட்டது. "ஒரு கழுதை சாலையில் நடந்தது." கழுதை நடந்தது. குழந்தைகள் ஆரவாரம் செய்தார்கள். விளக்கு வெளிச்சம் துணி வழியாகக் கசிந்தது. கண்ணாடிக்காரர் மெல்ல, ஆசையாக, ஒரு வருஷத்துச் சம்பளத்தைக் கையில் வாங்குகிறவர் போல, ஜன்னல் பக்கம் கழுத்தைத் திருப்பினார்.

ஒரு சுவர் தெரிந்தது.

சுண்ணாம்பு அடித்த சுவர். அதில் ஒரு ஆணி. ஆணிக்குக் கீழே ஒரு வாளி. வாளியில் சாய்த்து வைத்த துடைப்பம்.

கழுதை இன்னும் கொஞ்சம் நடந்தால் மகள் வந்துவிடுவாள் என்று நம்பினார். நடந்தது. இன்னும் கொஞ்சம் சுவர் வந்தது. அப்போதுதான், வாழ்நாளெல்லாம் இடக்கண் வலக்கண் என்று பிரித்துப் பார்த்த மனிதருக்கு, இடம் எது வலம் எது என்று புரிந்தது. இடமிருந்து வலமாகப் போகும் கழுதையின் வலது விலாதான் ஜனங்களுக்கு. ஜன்னல் இடது விலாவில் இருந்தது. கழுதை திரும்பாது. திரும்பினால் பக்கம் பின்னால் போய்விடும்.

"ஏய்!" என்றார் ரகசியக் குரலில்.

"என்னங்க? கால் விரலை மிதிச்சுட்டேனா?"

"ஜன்னல் சுவர்ப்பக்கம் இருக்கே!"

"காத்துக்குத்தானே வச்சேன். ஜனங்க பக்கம் வச்சா ஓட்டை தெரியாதா?"

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே. ஜன்னல் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கண்ணாடிக்காரர் வாளியைப் பார்த்தார்.

மூட்டைகள் ஏறின. பானைக்காரர் மூட்டை, துணிக்காரர் மூட்டை. மருந்துக்கடைக்காரர் வந்து, "இது ஒண்ணுதானே!" என்று தலையணையை வைத்தார். "கழுதை படுத்துக்கொண்டது" என்று படித்தார் நூலகர். கழுதை படுத்தது. இழுத்தார்கள், தள்ளினார்கள், கெஞ்சினார்கள். கழுதை அசையவில்லை.

அப்போது அந்தக் குரல் வந்தது.

"எழுந்திரு கழுதே! நான் இருக்கேன்!"

பாலங்களை ஏறிப் பார்க்கும் பெண்ணின் குரல்; கனத்திருந்தது. ஆனால் 'நான்' என்பதில் விழுந்த அழுத்தம் அப்படியே அந்த அழுத்தம். இருட்டில் குனிந்திருந்த கண்ணாடிக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. புத்தகத்தின் பக்கம் புரளும் சத்தம் கேட்டது. "கழுதை எழுந்தது" என்று படித்தார் நூலகர்.

அவர் எழுந்தார். பின்பாதி எழுந்தது. முன்பாதி எழவில்லை.

"அப்படி இல்ல!" என்று முன்வரிசை கூவியது. "எழுந்துடுச்சுன்னு போட்டிருக்கு! பாதிதான் எழுந்திருக்கு!"

"என்ன ஆச்சு?" என்றார் அவர், தலைகீழாக. "கால் பிடிச்சுக்கிச்சா?"

"இல்ல."

"அப்ப எழுந்திரு! பக்கம் திருப்பியாச்சு!"

"இருங்க. பாத்துக்கிட்டிருக்கேன்."

"எதை?"

"நாற்காலி மேல ஏறி நிக்கறா. இவ்வளவு பெரியவ. பிள்ளைங்க எல்லாம் அவ காலைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுங்க." அவள் வாய்க் கயிற்றை இன்னும் கொஞ்சம் இழுத்தாள். "கொஞ்சம் இருங்க."

அவர் அப்புறம் அவசரப்படுத்தவில்லை. தலை தரையிலும் பின்பாதி வானத்திலுமாக ஒரு கழுதை நின்றது. இடுப்பு விண்விண்ணென்று வலித்தது. கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் வாலை மட்டும் ஆட்டிக்கொண்டே, அவள் பார்த்து முடிக்கும்வரை நின்றார்.

நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, "கழுதை எழுந்தது" என்று அதே வரியை இன்னொரு தடவை படித்தார். அவர் வாழ்க்கையில் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை.

கழுதை எழுந்தது. உதை கண்ணாடிக்காரருடையது, சும்மா சொல்லக் கூடாது, நல்ல உதை. தலையணை மூன்றாவது வரிசையில் போய் விழுந்தது.

திரை மூடியதும் மகள் மேடைக்குப் பின்னால் ஓடிவந்து கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அப்பா! அதே மாதிரி பாத்தீங்கப்பா, அதே மாதிரி..." தலையைக் கழற்றியபோது அம்மாவின் முகம் இருந்தது. வேர்வையும் கண்ணீரும் கலந்து, மூக்கு நுனி சிவந்து.

"நீயாம்மா? அப்ப அப்பா?"

பின்பாதி கையைத் தூக்கியது.

"நான் அப்பாதான் முன்னாடின்னு நெனச்சு, அப்பாவைப் பாத்துத்தான் கத்தினேன்!"

கண்ணாடிக்காரர் தோலைவிட்டு அவசரமாக வெளியே வந்தார். "கேட்டியா? என்னை நெனச்சுத்தான் அப்படிப் பாத்திருக்கா. அப்ப அந்த முகம் எனக்கு வந்தது."

"விலாசம் உங்க பேர்ல இருக்கலாம்" என்றாள் மனைவி, மூக்கைத் துடைத்துக்கொண்டே. "கையெழுத்துப் போட்டு வாங்கினது நான்."

வீட்டுக்கு நடக்கும்போது மகள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் இடுப்பைப் பிடித்தபடி மனைவியின் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், "எப்படித்தான் இருந்தது அவ முகம்? கொஞ்சம் சொல்லேன்" என்றார்.

அவள் சொல்ல வாயெடுத்தாள். கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தாள்.

"சொல்ல வரலைங்க" என்றாள். "பாக்கணும்."

மறுநாள் மகள் ஊருக்குக் கிளம்பியபோது கழுதைத் தலையைக் கேட்டு வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். மிச்சம் வீட்டில் இருக்கிறது.